வான்காரனுக்கு ஒரு சிறுபோகத் தவணை

ஊரைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவன் இரண்டு பேரைச் சமாளிக்கப் பழக வேண்டும்: வான் வண்டிக்குள் இருக்கிற பயணி, வீட்டுக்குள் இருக்கிற மாமனார். பயணி இரண்டு நாளில் போய்விடுவார். உங்களில் யாராவது வான் ஓட்டியிருந்தால், அதுவும் மாமனார் வீட்டு வாசலில் வானை நிறுத்திவைத்து ஓட்டியிருந்தால், இதற்கு மேல் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். கல்முனை பஸாரில் புடைவைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த நான், மாவடிப்பள்ளியில் சுபைதாவை முடித்துக்கொண்டு அங்கே போய்க் குடியேறினேன். சுபைதாவின் வாப்பா வட்டைவிதானை. வட்டை என்கிற வயல்வெளியில் எந்த நாளில் யாருக்குத் தண்ணீர் என்று தீர்மானிக்கிற மனிதர். பொலிஸ் சொல்லி அடங்காதவனும் அவர் செருமினால் அடங்குவான். அந்த வீடு சுபைதாவினுடையது, வயல் மாமாவினுடையது, நான் படுக்கிற பாய் மாமியினுடையது. என்னுடையதென்று சொல்ல அங்கே இரண்டே இரண்டு பொருள்தான் இருந்தன. ஒன்று பல் தீட்டுகிற பிரஷ், மற்றது வான்.

எழுபதுகளின் கடைசி அது. அறுகம்பேக்கு அலையில் சறுக்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்தார்கள். சறுக்கிக் களைத்தவர்களும் சறுக்கத் தெரியாதவர்களும் பழைய இடங்கள் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் ஏற்றிக்கொண்டு சுற்றுவேன். அவர்கள் வருகிற மாதங்களும் வெயில் காலத்துச் சிறுபோக நெல் செய்கிற மாதங்களும் ஒன்றாகப் போனதுதான் என் தலைவிதி. மருமகன் வயலுக்குள் இறங்காமல் றோட்டில் சுற்றுகிறான் என்று நாலு பேர் கதைக்க, மாமா ஒருநாள் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: “இந்தச் சிறுபோகம் வெட்டி முடியுமட்டும் பார்க்கிறன் மகன். உன்ட வானால ஒரு குத்தம் என்ட காதுக்கு வந்தா, வானைக் குடுத்துட்டு மண்வெட்டியை எடு.”

தொப்பி, சேட்டு, சப்பாத்து

முதல் வந்தவர்கள் பிரான்ஸ்காரர் ஒருவரும் அவருடைய மனைவியும். ஒரே நாளில் மூன்று இடம் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல், பிறகு திருக்கோவிலில் முருகன் கோயில், பின்னேரம் பொத்துவில் கடலோரத்துப் புத்த கோயிலான முகுது மகா விகாரை. பள்ளியில் தலையை மூட வேண்டும் என்று என்னுடைய வெள்ளைத் தொப்பியை அவருக்குப் போட்டுவிட்டேன். மனைவிக்குச் சுபைதா தந்துவிட்ட முக்காட்டுத் துணி. எல்லாம் நல்லபடி முடிந்தது. திருக்கோவிலில் ஆண்கள் மேலில் ஒன்றும் போடக்கூடாது என்று சேட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். உள்ளே போய்விட்டார். தொப்பியை நான் மறந்துபோனேன்.

மேலில் ஒன்றும் இல்லாமல், தலையில் மட்டும் கல்முனைத் தொப்பியோடு ஒரு ஆறடி வெள்ளைக்காரர் முருகனுக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறார். பூசை செய்கிற ஐயர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால், வெளியூர்க் கோயிலில் மருமகன் செய்த கூத்து என்று பின்னேர பஸ்ஸிலேயே மாவடிப்பள்ளிக்குச் செய்தி போயிருக்கும். ஐயர் நல்ல மனிதர். விபூதித் தட்டோடு வெளியே வந்து, “முருகனுக்கு ஆளைத் தெரியும் தம்பி, தொப்பியை மட்டும் கழற்றச் சொல்லுங்கோ” என்றார்.

முகுது விகாரைக்குப் போனபோது நான் வானைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பிரான்ஸ்காரர் மணலில் நின்றார். தொப்பி, சேட்டு, சப்பாத்து, கைக்கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். விகாரையில் சேட்டு இல்லாமல் நிற்பதும் பிழை என்று எப்படிச் சொல்வதென்று நான் யோசிக்க, அவரே சொன்னார்: “எல்லாம் கையில் இருக்கிறது. எதைப் போடுவது என்று மட்டும் சொல்.”

என்னுடைய சரித்திர அறிவு

எட்டாம் வகுப்பு இங்கிலீசை வைத்துக்கொண்டு வழிகாட்டி ஆனவன் நான். சரித்திரத்தில் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்த ஒரு அம்மா வந்தார். கொப்பியும் பென்சிலும் கையிலேயே இருக்கும். முகுது விகாரையின் கல்தூண்களைக் காட்டி எத்தனை வருடப் பழசு என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்கிற வழிகாட்டியை எவர் நாளைக்கும் கூப்பிடுவார்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கோமாரியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். பழைய கதையைத் தொடரலாமே என்று நானாகவே மறுபடியும் அந்தத் தூண்களின் வயதைச் சொன்னேன். அம்மா கொப்பியை விரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பொறுமையாக வாசித்துப் பார்த்தார். அறுகம்பேயில் போய் இவன் பொய்யன் என்று சொன்னால் என் பிழைப்பு அதோடு சரி. அவரோ தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, “போகும்போது ஆயிரத்து ஐந்நூறு வருடம், வரும்போது இரண்டாயிரம். இந்தக் கடையில் நாம் அவ்வளவு நேரமா இருந்துவிட்டோம்?” என்றார்.

நோன்பு யாருக்கு?

அந்த வருடம் நோன்பு சிறுபோகத்துக்கு நடுவில் வந்தது. சுவீடன்காரப் பெண்கள் இரண்டு பேரை லாகுகலைக்கு யானை காட்டக் கூட்டிப் போனேன். விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டவன் நான். பகலில் பசி என்ற ஒன்று இருப்பதையே அந்த மாதம் முழுவதும் மறந்திருக்கப் பழகியிருந்தேன். சாய்ந்தமருதிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பகலில் பூட்டுத்தானே. எனக்கு அது வித்தியாசமாகப் படவேயில்லை. பெண்களோ நான் தண்ணீர்கூடக் குடிக்காததைப் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் பயணம் போனால் சாப்பிடக்கூடாது போலிருக்கிறது என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

யானைகள் வந்தன. குளத்தில் இறங்கி நின்றன. இரண்டு மணி வெயிலில் ஒருத்தி கமராவைக் கீழே வைத்துவிட்டு வான் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். நேற்று இரவு என்றார்கள். யா அல்லாஹ் என்று வானை எடுத்தவன், பொத்துவிலைத் தாண்டிக் கோமாரியில் பூமணி அக்காவின் கடை வாசலில்தான் நிறுத்தினேன். அந்தக் கரையில் அன்று திறந்திருந்த கடை எனக்குத் தெரிந்து அதுதான். அக்கா பிட்டும் மீன் ஆணமும் வைத்து, இரண்டு பேரும் நிமிரும்வரை பக்கத்திலேயே நின்று பரிமாறினா. பிறகு நோன்பு திறக்கச் சொல்லி எனக்கும் ஒரு பொதி கட்டி நீட்டிக்கொண்டே, “நோன்பு உனக்குத்தானே தம்பி, உன்ட வானுக்குமா?” என்று கேட்டா.

நான் போய்ச் சேருவதற்கு முன்பே கதை வீட்டுக்குப் போய்விட்டது. எப்படிப் போனதென்று இன்றைக்கும் தெரியாது. பாங்கு சொல்லிக் கஞ்சி குடிக்கிற நேரம் மாமா கோப்பையைக் கீழே வைத்தார். சுபைதா அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா மிச்சக் கஞ்சியையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இது குத்தமில்ல, மறதி. ரெண்டாவது மறதி வந்தா அது குத்தம்.”

ஆறு சுற்று

பெருநாள் முடிந்து ஹென்றிக் வந்தார். ஒல்லாந்துக்காரர், அறுபது வயது தாண்டியவர், தனி ஆள். நாற்பது வருடம் தன் நாட்டில் தண்ணீர்க் கதவுகளைத் திறந்து மூடுகிற உத்தியோகம் பார்த்தவராம். கோயில், பள்ளி, விகாரை ஒன்றிலும் அவருக்கு மனம் இல்லை. பழைய குளங்களும் வாய்க்கால்களும் பார்க்க வேண்டும் என்றார். அல்ஹம்துலில்லாஹ், இவரிடம் தொப்பிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு இங்கினியாகலைக் குளத்துக்குப் புறப்பட்டேன்.

மாவடிப்பள்ளி வயல்வெளியில் எங்கள் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. இடதுபக்க வயல்கள் மேல்கண்டம், வலதுபக்க வயல்கள் கீழ்க்கண்டம். பிரிகிற இடத்தில் இரும்புக் கதவு, துருசு என்போம். மேல்கண்டத்துக்கு மூன்று நாள், கீழ்க்கண்டத்துக்கு மூன்று நாள் என்று மாமா முறை வைத்திருந்தார். கதிர் பால் பிடிக்கிற நேரம் அது. ஒரு நாள் தவறினால் நெல்லெல்லாம் பதர். அன்றைக்கு மேல்கண்டத்தின் கடைசி நாள். மத்தியான லுஹர்த் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. மருத மரத்துக்குக் கீழே வானை நிறுத்தி, இதுதான் எங்கள் துருசு, பார்த்துக்கொண்டிருங்கள் என்று ஹென்றிக்கிடம் சொல்லிவிட்டுத் தைக்காவுக்குத் தொழப் போனேன். தொழுதது பத்து நிமிடம். தொழுதுவிட்டு வாசலில் நின்று கதைத்தது அரை மணித்தியாலம். நீங்களும் எங்கள் ஊரில் தொழுதிருந்தால் அப்படித்தான் கதைத்திருப்பீர்கள்.

வந்து பார்த்தபோது மனிதர் வாய்க்கால் கரைக்கட்டில் குந்தியிருந்து கை கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல சந்தோசம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்பாறை டவுனுக்குள் நுழைகிற நேரம் அவராகவே கதையை எடுத்தார். வலதுபக்க வயல் வெடித்துக் கிடந்ததாம், இடதுபக்க வாய்க்காலில் தண்ணீர் தளும்பியதாம், கதவில் திருகுகிற கோலை யாரோ மாட்டியபடியே விட்டுப் போயிருந்தார்களாம், பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லையாம். என் கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. பின்னால் வந்த லொறிக்காரன் என் வாப்பாவையும் சேர்த்து ஏசிக்கொண்டு போனான். எங்கள் வட்டையில் அந்தக் கோலை அரைச் சுற்றுத் திருகுவதற்கே கூட்டம் கூட வேண்டும். ஹென்றிக் என் தோளில் தட்டி, “கவலைப்படாதே, ஆறு சுற்றுத்தான் திருகினேன்” என்றார்.

என்ன சொல்றான்?

வானைத் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தபோது துருசை மூடியிருந்தார்கள். ஆனால் வாய்க்கால் கட்டு முழுக்க ஆட்கள். மேல்கண்டத்துக்காரர் நாற்பது பேர் இருக்கும். நடுவில் ஆதம்பாவா காக்காவை மடக்கிப் பிடித்திருந்தார்கள். நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற, கீழ்க்கண்டத்தில் ஒரேயொரு ஏக்கர் வைத்திருக்கிற மனிதர். அந்த நேரம் வயலில் நின்றவர் அவர் ஒருவர்தானாம், அதனால் திறந்ததும் அவர்தானாம். அல்லாஹ்மேல் சத்தியம் செய்துகொண்டு நிற்கிறார், ஒருத்தரும் கேட்பதாக இல்லை. தண்ணீர் களவெடுத்தவனுக்கு அடுத்த முறைத் தண்ணீர் இல்லை என்பது வட்டையின் சட்டம். அடுத்த முறை இல்லையென்றால் அந்த ஏக்கர் அவ்வளவுதான். மாமா குடையை ஊன்றி, துருசடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வானுக்குள்ளேயே இருந்தேன். யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு ஹென்றிக்கை அறுகம்பேக்குக் கொண்டுபோய் விட்டால் வான் எனக்கு மிஞ்சும். அந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என்ன சத்தம் என்று ஹென்றிக் கேட்டார். சொன்னேன். அவர் அடுத்த சொல் கேட்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு இறங்கிக் கட்டு வழியே நேராக நடந்தார். கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, துருசைக் காட்டி, இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னால் ஓடிவந்த என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கேட்டார்: “என்ன சொல்றான்?”

அந்த நாற்பது பேரில் இங்கிலீசு தெரிந்தவன் நான் ஒருவன்தான். படம் எடுக்கக் கேட்கிறார் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆதம்பாவா காக்கா என்னைப் பார்க்கவேயில்லை, தன்னுடைய வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். “துருசைத் திறந்தது இவர்தான் மாமா” என்றேன். “இஞ்ச கொண்டுவந்து விட்டுட்டுப் போனது நான். ஆதங்காக்காக்கு இதுல ஒண்டும் இல்ல.” சொல்லி முடித்ததும் என் வான் போய்விட்டது என்று தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினது மாதிரியும் இருந்தது. ஆதம்பாவா காக்கா வந்து என் கையைப் பிடித்தார். மாமா குடையைத் தூக்கித் துருசிலிருந்து மருத மரம் வரைக்கும் ஒரு கோடு காட்டித் தீர்ப்புச் சொன்னார்: “மேல்கண்டத்துக்கு நாளைக்கு லுஹர் வரைக்கும் தண்ணி. இவங்க ரெண்டு பேருக்கும் வயலும் இல்ல, முறையும் இல்ல, வெட்டுறதுக்கு ஒண்டும் இல்ல. அதால வாய்க்காலை வெட்டட்டும்.”

வாய்க்கால் வெட்டு

ஹென்றிக்கை அன்று எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். சுபைதா அவருக்கு என்னுடைய சாரன் ஒன்றைக் கொடுத்தாள், அது முழங்காலுக்குக் கீழே வரவில்லை. விடிந்ததும் இரண்டு பேரும் புல்லும் சேறும் வெட்டித் துப்புரவாக்க மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினோம். மனிதர் ஒரு வெட்டு, ஒரு இழுப்பு, ஒரு வீச்சு என்று அளந்து போனார். அவர் போன பக்கம் கரை நூல் பிடித்த மாதிரி நின்றது, ஒரு புல் மிச்சமில்லை. என் பக்கத்தில் நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பத்து நிமிடத்தில் புல்லை விட்டுவிட்டுக் கரையையே வெட்டிவிட்டேன். தண்ணீர் உடைத்துக்கொண்டு மேல்கண்டத்துக்காரர் ஒருவரின் வயலுக்குள் ஓடியது. அதை மறிக்கப் போய் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். முதல் நாள் கத்தியவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்து கரையில் குந்தியிருந்தார்கள். அடுத்த அரை மணியில் அவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிச்சப் பேர் என் உடைப்பை அடைத்தார்கள். ஆதம்பாவா காக்கா தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுவந்தார்.

மாமா சிரிக்கவில்லை. ஹென்றிக்கின் கையைப் பிடித்துக் கரையில் ஏற்றித் துருசடிக்குக் கூட்டிப் போனார். மாமாவுக்கு இங்கிலீசு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என்னையும் கூப்பிடவில்லை. மாமா விரலை மடித்து நாட்களைக் காட்டினார், குடைக் கம்பியால் மண்ணில் வாய்க்கால் கீறினார். ஹென்றிக் அதற்குப் பக்கத்தில் தன்னுடைய ஊர் வாய்க்காலைக் கீறினார். ஒருவர் கீறியதை மற்றவர் அழித்துத் திருத்தினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே நின்றார்கள். எங்கள் தண்ணீர்முறையை அப்படி ஒருவர் கேட்டு மாமா முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு மாமா என்னிடம் வந்தார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கரையில் இருந்தேன். சிறுபோகம் வெட்ட இன்னும் மூன்று கிழமை இருந்தது, என் தவணை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வான் சாவியை மடியிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. நான் வெட்டிய கரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைக் குனிந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். “அந்தச் சாமானைக் கொண்டு நீயே றோட்டில ஓடு மகன். உன்னை வயலுக்குள்ள விட்டா ஊருக்குச் சோறில்ல” என்றார். நான் பெருமூச்சு விட்டு முடிவதற்குள் இரண்டு அடி போனவர் திரும்பி நின்றார்: “இனி வாற வெள்ளைக்காரனையும் இஞ்ச கூட்டிட்டு வா, நான் விளங்கப்படுத்துறன். கையை மட்டும் பின்னுக்குக் கட்டிட்டு நிக்கச் சொல்லு.”

எண்பதுகளில் சண்டை தொடங்கிப் பயணிகள் வருவது நின்றுபோகும் வரைக்கும், அந்தக் கரையோரத்தில் நான் காட்டிய பழைய இடங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் அதிக நேரம் நின்று பார்த்தது என் மாமனாரைத்தான்.